பதிவேட்டில் இடம்பெறாத பிள்ளைகள்: நரம்பியற் பன்மையும் மலையகப் பெற்றோரும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஆதாரங்கள் இல்லை என்று குறைகூறுவதற்கில்லை. பெருந்தோட்ட ஆட்சி என்பது அடிப்படையில் கணக்கெழுதும் ஆட்சியாகும். யார் பிரட்டுக்கு வந்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், எத்தனை இறாத்தல் கொழுந்து, எவ்வளவு அரிசி, எவ்வளவு கடன் என்பன யாவும் நாள்தோறும் பதியப்பட்டன. பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டன. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு அவனைத் தொடர்ந்து சென்றது.

இத்துணை ஏடுகளுள்ளும் ஒருவகைப் பிள்ளை மட்டும் காணப்படுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை. மூன்று வயதாகியும் பேசாமல், ஒரே பொருளை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை. பாட்டையும் கதையையும் ஒருமுறை கேட்டு ஒப்பிக்க வல்லதாயினும் பலகையில் எழுதியதை வாசிக்கத் தெரியாத பிள்ளை. ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை. இன்றைய அறிவியல் இவர்களை ஓட்டிசம், வாசிப்பு இடர்ப்பாடு, கவனக்குறைவும் மிகையியக்கமும் எனப் பல பெயர்களால் இனங்காண்கின்றது. மனித மூளையின் இயல்பான வேறுபாடுகளுள் இவையும் அடங்கும் என்ற கருத்திற் பிறந்த சொல்லே ‘நரம்பியற் பன்மை’ என்பது. ஆனால் லயங்களில் வழங்கிய பெயர்கள் வேறு. ‘மந்தம்’, ‘கிறுக்கு’, ‘அடங்காதது’ என்பனவே அவை.

ஏட்டில் இல்லாமையால் இப்பிள்ளைகள் மலையகத்தில் இருந்ததில்லை என்று கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு, பிள்ளையைக் கண்டவர் யார், அவர் கண்டதைக் கேட்டவர் யார் என்ற இரண்டையும் வரலாற்றில் வைத்து ஆராய்தல் வேண்டும்.

பேர்ப்பதிவும் பிள்ளையும்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், புகையிரதப் பாதையும் பெருந்தெருவும் ஊடறுத்துச் செல்லும் கொட்டகலையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். டிரேட்டன், ஸ்டோனிகிளிஃப், மவுண்ட் வெர்னன் முதலான தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் அது. 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தபின், மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளைப் போன்றே இங்கும் தேயிலை வேரூன்றியது. 1880களில் ஹட்டன், நானுஓயா வரை புகையிரதப் பாதை நீண்டபோது தேயிலைப் பெட்டிகளுக்குத் துறைமுகம் அணித்தாயிற்று. கொழுந்து பறித்த பெண்ணுக்கு நகரத்து மருத்துவமனை அவ்வாறு அணித்தாகவில்லை.

தேயிலை பெண்களின் கைகளை நம்பிய பயிர். கோப்பியைப் போன்று பருவத்துக்கு மட்டும் ஆள் தேடும் பயிரன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தல் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. தப்போசை கேட்டதும் விடியற்காலையில் தாய் பிரட்டுக்களத்துக்குச் செல்லல் வேண்டும். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விடப்பட்டது. சற்று வளர்ந்த பிள்ளை மூத்த சகோதரியின் பொறுப்பாயிற்று. அச்சிறுமியின் படிப்பு அதனோடு முடிந்த வீடுகள் பல.

பிள்ளைக்காம்பரா பிள்ளையின் நலங்கருதி மட்டும் எழுந்ததன்று. தாயின் கைகளை மலைக்கு விடுவிப்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. பல பிள்ளைகளை ஒருங்கே பார்க்கும் ஒரு முதிய பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்டது, பிள்ளைகள் விழாமலும் பசியால் அழாமலும் பார்த்துக்கொள்வதே. அழாமல் மூலையிற் கிடக்கும் பிள்ளை ஆங்கு ‘நல்ல பிள்ளை’ எனப் பெயர் பெற்றிருக்கும். அந்த மௌனம் ஓட்டிசத்தின் அடையாளமாகவும் இருத்தல் கூடும் என்று எண்ணுவதற்கு அங்கே எவருக்கும் நேரமோ பயிற்சியோ இருக்கவில்லை.

பாடசாலையின் நிலையும் இதனின் வேறன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், 6 முதல் 10 வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. விளைந்தவை பெரும்பாலும் ஒரே மண்டபத்தில் ஓராசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய பள்ளிகளே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என்ற மூன்று பிரிவுக்கும் தனித்தனிக் கூலியை வகுத்தமை, பிள்ளை எவ்வாறு நோக்கப்பட்டது என்பதைக் காட்டப் போதுமானது. மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கில நூலொன்றுக்கு ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டார். அத்தலைப்பு அலங்காரச் சொல்லன்று, நிருவாக உண்மையாகும். உழைக்கப் பிறந்தோரென்று கணிக்கப்பட்ட சமூகத்தில், கைகால் நலமாயிருந்த பிள்ளைக்கு வேறொரு துணை தேவைப்படும் என்ற எண்ணத்துக்கே இடமிருக்கவில்லை.

உலக வரலாற்றில் பெற்றோர் சாட்சியம்

நரம்பியற் பன்மை பற்றிய அறிவின் வரலாறு மருத்துவர்களின் வரலாறாகவே பொதுவாக எழுதப்படுகின்றது. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், கூர்மையான அறிவிருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாக நடைபெறுமாயின் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனது ஆசிரியர் கருதியமையும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகள், அடங்கியிருக்க இயலாத பிள்ளைகளை மருத்துவத்தின் கவனத்துக்குக் கொணர்ந்தன. ஆயினும் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்ற சொல்லாலேயே அவர் அதனைக் குறித்தார். 1943இல் லியோ கனர் என்ற அமெரிக்க மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேகர் ஒத்த இயல்புகளைப் பற்றி எழுதினார்.

கனரின் ஆய்வில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெற். அவனை மருத்துவர் காண்பதற்கு முன்னர், வழக்கறிஞரான அவனது தந்தை 33 பக்கக் கடிதமொன்றை அனுப்பியிருந்தார். பிள்ளை எதை உண்டான், எதற்கு அஞ்சினான், எவ்வாறு பேசினான், எப்பொருளைச் சுழற்றினான் என்பன அதில் ஒன்றொன்றாக எழுதப்பட்டிருந்தன. கனரின் விவரிப்பிற் பெரும்பகுதி அக்கடிதத்தைத் தழுவியதே. ஓட்டிசம் பற்றிய அறிவு ஒரு தந்தையின் சாட்சியத்தில் வேர்கொண்டது எனின் மிகையாகாது.

எனினும், அச்சாட்சியத்தால் வளர்ந்த மருத்துவமே சில ஆண்டுகளிற் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தாயின் அன்பின் குளிர்ச்சியே பிள்ளையை உள்ளொடுங்கச் செய்தது என்ற கொள்கை பரவிற்று. கனரின் சொற்களும் அதற்கு இடந்தந்தன. புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதனை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. இக்கொள்கையை முறியடித்ததிலும் பெற்றோருக்குப் பெரும்பங்கு உண்டு. 1962இல் இலண்டனில் பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங் தாமே மனநோய் மருத்துவர், ஓட்டிசம் கொண்ட மகளின் தாய். அமெரிக்காவில், மகனின் நிலையை அறியும்பொருட்டு நூலகங்களில் ஆய்ந்த உளவியலாளர் பேர்னாட் றிம்லன்ட் 1964இல் வெளியிட்ட நூல், காரணம் உயிரியல் சார்ந்தது என வாதிட்டது. 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கனர் எழுந்து, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாகக் கூறினார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய பொல்ஸ்ரின், றட்டர் ஆகியோரின் ஆய்வு பரம்பரையின் பங்கினைத் தெளிவாக்கிற்று. தென்னாசியாவிலும் இதே போக்கே காணப்படுகின்றது: 1991இல் டில்லியில் ஓட்டிசத்துக்கான முதன்மை அமைப்பொன்றைத் தொடக்கிய மெரி பருவா, அத்தகைய மகனொருவனின் தாயாவார்.

வர்க்கமும் பதிவும்

கனர் கண்ட பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்றோர். ஆதலின் ஓட்டிசம் படித்த, வசதியுள்ள குடும்பங்களுக்குரியது என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று. 1980இல் லோர்னா விங் இக்கருத்தினை நேரடியாகச் சோதித்தார். ஒரு நிலப்பகுதியிலுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டறிந்தபோது வர்க்க வேறுபாடு மறைந்தது. மருத்துவரைத் தாமாக நாடி வந்தோரை மட்டும் எண்ணியபோதே அது தோன்றியது. வேறுபாடு பிள்ளைகளிடத்தில் இருக்கவில்லை. பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் ஆற்றலிலேயே இருந்தது.

மலையக வரலாற்றுக்கு இம்முடிவு பெரிதும் பொருந்துவதாகும். 33 பக்கக் கடிதம் எழுதுவதற்கு எழுத்தறிவு வேண்டும். பிள்ளையை நாளெல்லாம் கவனிக்க ஓய்வு வேண்டும். கடிதத்தை வாசிக்க ஒரு மருத்துவர் வேண்டும். எழுதியவர் சொல்வது மெய் என்று கொள்ளும் மதிப்பும் வேண்டும். கொட்டகலைத் தோட்டத்துத் தாய்க்கு இந்நான்கும் மறுக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியபோது, அவள் பெயரே அரசின் ஏட்டிலிருந்து நீங்கிற்று. 1964, 1974 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டன. நாடற்றோர் பிரச்சினைக்கு இறுதித் தீர்வுதந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. தன் இருப்பையே நிரூபிக்கத் தாள் தேடி அலைந்த பெற்றோர், பிள்ளையின் நுண்ணிய வேறுபாட்டுக்குச் சாட்சி சொல்ல எங்கே செல்வர்?

அவர்கள் கண்டிலர் என்று கூறுவதும் தவறு. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தும், ரோதை முனிக்குப் படையலிட்டும், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கேட்டும் அலைந்த தாய்மார் பிள்ளையின் வேறுபாட்டைக் கண்டமையாலேயே அலைந்தனர். நேர்த்திக்கடன் என்பது எழுத்தறியாத சமூகத்தின் விண்ணப்பம். அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆய்வாளர், அதற்குள் அடங்கிய நோயறி கண்ணைத் தவறவிடுகின்றனர். கண்டறிந்த அக்கண்ணுக்கு மறுமொழி சொல்லத்தக்க நிறுவனம் இருக்கவில்லை என்பதே வரலாறு. தாயைப் பழித்த மேனாட்டுக் கொள்கை லயத்தை எட்டாதிருப்பினும், ‘முன்வினை’, ‘தாயின் தோசம்’ என்ற பழி ஏற்கெனவே அங்கிருந்தது. இருவகைப் பழியும் ஒன்றையே செய்தன: உதவ வேண்டியோரின் பொறுப்பைத் தாயின் தலையில் ஏற்றின.

சட்டங்களும் தூரமும்

இலங்கையில் விசேட கல்வியின் தொடக்கம் 1912இல் மேரி சப்மன் நிறுவிய செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கான பள்ளியாகும். பின்னர் அது இரத்மலானையில் நிலைபெற்றது. கண்ணுக்குப் புலனாகும் குறைகளுக்கே முதலில் இடங்கிடைத்தமை இயல்பே. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களின் பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. கொட்டகலை, பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரை வழங்கத் தொடங்கியமை இம்மாற்றத்தின் முக்கிய கட்டமாகும். லயத்திற் பிறந்தவரே ஆசிரியராகத் திரும்பிவந்து லயத்துப் பிள்ளையின் முன் நின்றார்.

சட்டத் துறையிலும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 1998 தொடக்கம் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வரவு கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அவ்வயதெல்லை 16 ஆக உயர்ந்தது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் நாடு உறுதிப்படுத்தியது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உடையவர் என்று கணித்தது. அது சிறு எண்ணிக்கையினரிடம், நகரஞ்சார்ந்த பகுதியொன்றில் நிகழ்ந்த ஆய்வு. மலையகத்தின் அளவாக அதனைக் கொள்ளலாகாது. எனினும், இது மேனாட்டார்க்கு மட்டும் உரியது என்ற எண்ணத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

சட்டத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பயணமாகவும் பேராகவும் அளத்தல் வேண்டும். சிறுவர் மனநல மருத்துவரைக் காணக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் தாய் ஒருநாட் பேரை இழக்கின்றாள்; துணைக்கு வரும் கணவனும் இழக்கின்றான். ஒருமுறை சென்றால் முடிவதுமன்று. பேச்சுப் பயிற்சி வாரந்தோறும் வேண்டுவது. தன் மொழியிற் பேசுவோர் இல்லாத இடத்தில், பிள்ளையின் பேச்சைப் பற்றியே அவள் விளக்க வேண்டியவளாகின்றாள். வேலைக்குப் போகும்போது ஓடித் திரியும் பிள்ளையைக் காம்பராவில் வைத்துக் கதவைப் பூட்டும் தாயைக் கொடியவள் என்பது எளிது. வெளியே சரிவும் ஓடையும் தெருவும் இருக்கின்றன; உள்ளே அவளுக்கு மாற்றுக் கை இல்லை. அப்பூட்டு அவள் மனத்தின் கடுமையைக் காட்டுவதன்று. நிறுவனங்களின் வெறுமையைக் காட்டுவது.

லயத்தில் ஒரு பிள்ளையை அறிதல்

பெற்றோரின் கண்ணே முதற் கருவி என்பது வரலாறு தரும் பாடமாயின், அக்கண்ணுக்குத் துணையாவன சில உண்டு. ஓராண்டு நிறைந்தும் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலாற் சுட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியன கண்டால் காத்திருத்தலாகாது. முதலிற் செவிப்புலன் சோதிக்கப்படல் வேண்டும். இந்நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் சுகாதாரப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகள் குறிக்கப்பட்டுள்ளன. நிறையை எழுதுவதோடு அமையாது, குடும்பநல உத்தியோகத்தர் தாயைப் பேசவைத்துக் கேட்டு அப்பக்கங்களையும் நிரப்புவாராயின், அது லயத்துத் தாயின் 33 பக்கக் கடிதமாகும்.

ஓட்டிசம் மருந்தால் மாற்றப்படுவதன்று. பிள்ளையைச் சூழ்ந்த உலகை அதற்கு விளங்கச் செய்தலே துணையாகும். தகரக் கூரையில் மழை அறையும் ஓசை சில பிள்ளைகளுக்குத் தாங்கொணா வேதனை. அவ்வேளை காதைப் பொத்தி அலறுவது பிடிவாதமன்று. கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்துவதால் அன்பு வளராது. சொல்லாற் கேட்க இயலாத பிள்ளைக்குப் படமும் சைகையும் சொல்லாகும். அவற்றைப் பழக்கினாற் பேச்சு வராது என்ற அச்சம் ஆதாரமற்றது. எதிர்பாராத மாற்றம் அஞ்சத்தக்கது. ஒழுங்கு ஆறுதல் தருவது. இவ்வகையில் தோட்டத்து நாளே ஓர் அட்டவணையாகும். காலைப் பிரட்டு, ஆலைச் சங்கு, பகற்கொழுந்து நிறுக்கும் நேரம், மாலையில் அம்மா திரும்பும் நேரம் என்பன படங்களாக வரிசைப்படுத்தப்பட்டுச் சுவரில் இருப்பின், அம்மா எங்கே என்ற அச்சத்துக்கு விடை கிடைக்கும். உழைப்பை ஒழுங்குபடுத்த வகுத்த காலம் பிள்ளையின் மனத்தை ஒழுங்குபடுத்தவும் உதவும்.

டொனால்ட் டிரிப்லெற்றின் பிற்கால வாழ்க்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. நான்கு வயது நிறையுமுன் அவனைக் காப்பகமொன்றில் விடச் செய்தனர். ஓராண்டளவில், அங்குள்ளோர் சொல்லை மீறிப் பெற்றோர் அவனை மீட்டுவந்தனர். 1942இல் அவன் எளிய உழவர் குடும்பமொன்றுடன் தங்கினான். எண்ணுவதில் ஓயாத விருப்பங்கொண்ட அவனைத் தடுக்காமல், சோளவரிசைகளை எண்ணியவாறே உழச் செய்தனர். அளப்பதில் விருப்பங்கண்டு கிணறு தோண்டி ஆழத்தை அளக்கவிட்டனர். பின்னர் அவன் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியிற் பணிபுரிந்து, 2023இல் தன் 89ஆம் வயதில் மறைந்தான். தந்தையிடம் செல்வம் இருந்தது மெய்யே. ஆயின் பிள்ளையின் விருப்பத்தையே வழியாகக் கண்டவர்கள் கல்லூரி காணாத உழவர். தேயிலை வரிசைகளுக்கிடையில் வாழும் பெற்றோர்க்கு அவ்வறிவு அந்நியமானதன்று.

பாடசாலையும் இதனையே கற்றல் வேண்டும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் வாய்மொழியாகவே தலைமுறை கடந்த சமூகம் மலையகம். செவியாற் கற்கும் ஆற்றலை இத்துணை மதித்த சமூகத்தில், எழுத்தில் இடர்ப்படும் பிள்ளையை மந்தம் என்று பிரம்பால் அடிப்பது மரபுக்கே முரணானது. விடையை வாய்மொழியாகக் கேட்டல், கூடுதல் நேரம் அளித்தல், ஒருமுறைக்கு ஒரு கட்டளை மட்டும் சொல்லல், இருக்க மாட்டாத பிள்ளைக்கு எழுந்து நடக்கும் வேலை தருதல் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மலையகத்தின் ஏடுகளில் நரம்பியற் பன்மை கொண்ட பிள்ளை இல்லாமை அப்பிள்ளையின் இன்மையைக் காட்டவில்லை. ஏடு எழுதியோரின் நோக்கத்தையே காட்டுகின்றது. உழைப்பை எண்ணிய ஏடு உழைப்பாகாத எதனையும் எண்ணவில்லை. உலகெங்கும் இத்துறை அறிவு பெற்றோரின் சொல்லிலிருந்தே பிறந்தது. பெற்றோரைப் பழித்த காலமே அவ்வறிவு தடுமாறிய காலம்.

எனவே பெற்றோருக்கு அறிவுரை கூறுவதனால் மட்டும் கடமை முடிந்துவிடாது. பிள்ளைக்காம்பராவாக இருந்து இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையமாகப் பெயர்பெற்றுள்ள இடத்தில் பணிபுரிவோருக்குப் பயிற்சி, மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்குப் பேர், தமிழிற் பேசும் பயிற்சியாளர், ஹட்டன் அளவிலேனும் அணித்தான சிகிச்சை நிலையம் ஆகியன உடனடித் தேவைகளாகும். வரலாறும் கல்வியும் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு இதிற் பங்குண்டு. முதிய தாய்மாரிடமும் ஆயாமாரிடமும் சென்று, பேசாதிருந்த பிள்ளைகளைப் பற்றி அவர்கள் நினைவிற் கொண்டிருப்பனவற்றைக் கேட்டு எழுதுதல் ஒரு தொடக்கமாகும். பிரட்டுக்களத்தில் ஒருநாளும் அழைக்கப்படாத அப்பெயர்களைத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள்.